எழும்பாத கணினிகள்: கேள்வி பதில்

கேட்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: சுவிட்சை அழுத்தினால் என்ன நடக்கிறது? ஃபேன் சுற்றுகிறதா, பீப் சத்தம் வருகிறதா, திரையில் என்ன எழுதியிருக்கிறது? எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்லலாம்.

வெள்ளவத்தை: நேற்று இடி மழையில் கரண்ட் போய் வந்தது அண்ணா. அதன் பிறகு மேசைக் கணினியில் ஒரு அசைவும் இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டதா?

போயிருக்க வாய்ப்புக் குறைவு தங்கச்சி. இப்படி நேரத்தில் பெரும்பாலும் அடிபடுவது பவர் சப்ளை, அதாவது கணினிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான். அதுதான் என்று முடிவெடுக்கும் முன் அதே பிளக் பொயின்ட்டில் ஒரு மேசை லைட்டைப் போட்டுப் பாருங்கள். மூன்று சதுரக் கால் பிளக் என்றால் அதற்குள்ளே சின்ன பியூஸ் ஒன்று இருக்கும், அதையும் மாற்றிப் பாருங்கள். பிறகு வயரைக் கழற்றிவிட்டு, ஓன் பண்ணும் சுவிட்சை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, திரும்பச் செருகிப் பாருங்கள். மதர்போர்டில் (எல்லாம் பொருத்தியிருக்கும் பெரிய பலகையில்) குட்டி லைட் எரிந்தால் பவர் சப்ளை முழுதாகச் சாகவில்லை. சுவிட்ச் வயரில்கூடப் பிழை இருக்கலாம். லைட்டே இல்லையென்றால் வேலை செய்கிற வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. பழையதைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இன்னொன்று, ஒக்டோபர், நவம்பர் இடிக்காலத்தில் கரண்ட் வயரை மட்டும் கழற்றினால் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் வயர் வழியாகவும் மின்னல் இறங்கும்.

கொட்டாஞ்சேனை: ஃபேன் சுற்றுகிறது, மூன்று பீப், திரை கறுப்பு.

பீப் கணக்கு ஒவ்வொரு போர்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் போர்டின் கையேட்டைப் பாருங்கள். ஆனாலும் முதலில் ரேமைத்தான் (போர்டில் செருகியிருக்கும் நினைவகத் துண்டை) பார்ப்பேன். கரண்டைக் கழற்றிவிட்டு இரு பக்கக் கொக்கியையும் தள்ளி ரேமை வெளியே எடுங்கள். அடி விளிம்பில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் அதன்மேல் மங்கலாக ஒரு படலம் பிடித்திருக்கும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டிடிஆர் 5 வகை ரேம் புதிதாகப் போட்டால் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், அவசரப்பட்டு ஓஃப் பண்ணாதீர்கள்.

வத்தளை: நீலத் திரை வந்து நிற்கிறது. கடையில் போமட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். அடிக்கவா?

வேண்டாம். போமட் என்றால் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். பிறகு பார்க்கலாம்.

தெஹிவளை: ஓன் பண்ணினால் 48 இலக்க எண் கேட்கிறது. நான் அப்படி எதுவும் போடவே இல்லை.

அது பிட்லொக்கர் பூட்டு, டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடும் பூட்டு. நீங்கள் போடாவிட்டாலும் சில லப்டொப்களில் தானாகவே வரும். ஃபோனிலிருந்து உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் எண் அங்கே இருக்கும். எண் இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். போமட் அடித்தால் உள்ளே இருந்தது திரும்பவே வராது.

பம்பலப்பிட்டி: நான் திருத்தும் வேலை செய்கிறவன். போமட் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆட்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஏன் சனத்தைப் பயமுறுத்துகிறீர்கள்?

தம்பி, ஆட்கள் கேட்பது கணினி எழும்ப வேண்டும் என்று. போமட் என்பது நாங்கள் சொல்லிக்கொடுத்த சொல். 2024 ஜூலை 19ஆம் திகதி குரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. அதற்கு மருந்து, சேஃப் மோடில் (மிக அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸை எழுப்பும் முறையில்) போய் அந்தப் பிழையான கோப்பை அழிப்பது. போமட் அடிக்கத் தேவையே இருக்கவில்லை. நீலத் திரை என்றவுடன் எல்லாவற்றையும் அழித்தால், காரணம் என்னவென்று கடைசிவரை தெரியாது. ரேமில் பிழை என்றால் புது விண்டோஸும் அதே மாதிரி விழும். ஹார்ட்டிஸ்க் சாகிறதென்றால் அதே டிஸ்க்கில் திரும்ப எழுதி, எடுக்கக்கூடியதையும் கெடுத்துவிடுவீர்கள். எஸ்எஸ்டியில் (சுற்றும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்கில்) இன்னும் மோசம். போமட் அடித்தால் பழையதைத் தானே துடைத்துவிடும், மீட்பது அநேகமாக நடக்காது.

பம்பலப்பிட்டி: சரி அண்ணா, அதற்கு நேரம் யார் தருவார்?

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கடையில் வைத்திருங்கள். டிஸ்க்கில் பூட்டு இல்லையென்றால், அதிலிருந்து எழுப்பினால் உள்ளே உள்ள கோப்புகள் தெரியும். வேறு டிஸ்க்குக்குப் பிரதி போட்டுவிட்டு நீங்கள் மற்ற வேலையைப் பார்க்கலாம். நேரம் போனால் அதற்குத் தனியாகக் காசு கேளுங்கள், அது நியாயம். ஒரு பிள்ளையின் உயர்தரக் குறிப்புகள், கலியாணப் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். வாங்கும்போதே 'உள்ளே என்ன இருக்கிறது' என்று கேட்டுப் பில்லில் எழுதுங்கள்.

மட்டக்குளி: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வைரஸ் என்றால் போமட்தானே?

பல நேரம் ஆம். பிரதி எடுத்த பிறகு.

புறக்கோட்டை: ஹார்ட்டிஸ்க்கில் 'கிளிக் கிளிக்' சத்தம். செக்டிஸ்க் ஓட்டவா?

டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் அந்த விண்டோஸ் கருவியை ஓட்டாதீர்கள், இப்போதே ஓஃப் பண்ணுங்கள். அந்தச் சத்தத்தோடு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. பெறுமதியானது இருந்தால் தரவு மீட்கும் ஆட்களிடம் நேரே கொடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் வேலை வேண்டாம், உள்ளே ஈரம் பிடிக்கும்.

மருதானை: கணினி ஓன் ஆகவில்லை, என்ன செய்வது?

ஃபேன், பீப், திரை. மூன்றையும் எழுதுங்கள்.

கிராண்ட்பாஸ்: எனக்கும் ஓன் ஆகவில்லை. போமட் அடிக்கலாமா?

வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் சொன்னதைப் படியுங்கள். அடிக்க வேண்டாம்.

நுகேகொடை: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, அதனால்தான் எழும்பவில்லையா?

இல்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான் நின்றன. அதற்கும் எழும்பாததற்கும் சம்பந்தமில்லை.

கல்கிசை: கேம் விளையாடும்போது பட்டென்று ஓஃப் ஆகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால்தான் ஓன் ஆகும்.

சூடு. பக்க மூடியைக் கழற்றி பிராசசர் மேலுள்ள ஃபேனைப் பாருங்கள், தூசு கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதித் தள்ளுங்கள். பிராசசரின் சூட்டை மேலே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் பழையதைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் பவர் சப்ளை என்ன வொட், கிராபிக்ஸ் காட் எது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.