எட்டு மார்க் தொடுகோடு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு வருடமாகக் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். போன ஆண்டு பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, சால்வை போட்டார்கள். அடுத்த வாரமே ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பழைய மாணவனைப் பார்த்தேன். 850 ரூபாய் சட்டைக்கு 20 சதவீதம் தள்ளுபடி போக எவ்வளவுடா என்றேன். கைப்பேசியைத் தேடினான். என்னிடம் 41 வாங்கித் தேறியவன் அவன். நான் எதற்காக ஆசிரியராக இருக்கிறேன் என்றே இப்போது புரியவில்லை.

பதில்:

அன்புள்ள சார்,

முதலில் அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தை. கைப்பேசியைத் தேடியது குற்றமில்லை, கடை முதலாளியும் அதைத்தான் தேடுவார். 20 சதவீதம் என்றால் ஐந்தில் ஒன்று என்று அவனுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், உங்களை உறுத்துவது அதுதான்.

அந்த 41 எப்படி வந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். ஒரு மதிப்பெண் வினா 14, வடிவியல் 8, வரைபடம் 8. ஆக 30. ஓர் ஐந்து மார்க் கணக்கைத் தேற்றிவிட்டால் 35, பிள்ளை பாஸ். ஜனவரி வந்தால் ‘மெல்லக் கற்போரை’ வராந்தாவில் உட்கார வைத்துத் தொடுகோடு, தொடுகோடு, மறுபடி தொடுகோடு. ஓய்வு பெறும்வரை நானும் செய்ததுதான். இதில் கேவலம் ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பு தேறாமல் பாலிடெக்னிக் கிடையாது. ஐடிஐ-யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் கிடையாது. அந்த 35-ஐ வாங்கிக் கொடுப்பதும் நம் வேலைதான். அது மட்டுமே வேலை என்று எந்த வருடம் ஆகிப்போனது என்பதுதான் நமக்கே தெரியாது.

எனக்கு அது உறைத்த நாள் நினைவிருக்கிறது. ஒரு பெண் வட்டத்துக்கு வெளியே புள்ளி வைத்து, மையக்குத்துக்கோடு போட்டு, இரண்டு தொடுகோடுகளையும் அழகாக இழுத்திருந்தாள். “தொடுகோடுன்னா என்னம்மா?” என்றேன். “எட்டு மார்க், டீச்சர்” என்றாள். கிண்டல் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள்.

மறுநாள் ஒரு சைக்கிளை வாசலில் நிறுத்தினேன். தரைதான் தொடுகோடு, சக்கரம் அதை ஒரே இடத்தில்தான் தொடுகிறது. சக்கரத்தின் நடுவில் இருந்து அந்த இடத்துக்கு நூல் பிடித்துக் கோணத்தைப் பார்க்கச் சொன்னேன். “நட்டுக்குத்தா நிக்குது டீச்சர்!” பத்து நிமிடம் போனது. போர்ஷன் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நோக்கம் என்றாலே பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் ‘ஆசிரியர் பணி அறப்பணி’தான் ஞாபகம் வரும். எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. ‘அதற்கே உன்னை அர்ப்பணி’ என்று சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்வார்கள். என்னுடையது சின்னது: என்னிடம் படித்த பிள்ளை வட்டியிலும் எடையிலும் சம்பளப் பிடித்தத்திலும் ஏமாறக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆயிற்று. உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் நாளைக்கு இருக்கிற நாற்பது நிமிடத்தில் எதை நடத்துவது, எதை விடுவது, எந்தப் பிள்ளை பக்கத்தில் போய் நிற்பது என்று அது சொல்ல வேண்டும். பெஞ்சு வரைக்கும் இறங்கி வராத நோக்கத்தைச் சுவரிலேயே விட்டுவிடலாம்.

இதனால் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுகிற வேலை குறையாது. சால்வையும் தேர்ச்சி சதவீதத்துக்குத்தான் வரும். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த ஜவுளிக்கடைக்கு இன்னொரு தடவை போங்கள். 20 சதவீதத்தை விட்டுவிட்டு, 850-இல் பத்தில் ஒன்று எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 85 என்று சொல்லிவிட்டானானால் இன்னொரு 85-ஐ அவனே எடுத்துவிடுவான். காலை பதினோரு மணி வாக்கில் போங்கள்; சாயங்காலம் கூட்டம் இருக்கும், முதலாளி முறைப்பார்.