எடிட்டர் நிறங்கள்: வாசகர் கேள்வி-பதில்

விம் எடிட்டரில் (கோடு எழுதும் மென்பொருள்) ஒரு மாறிக்கு ரெஸ்ட்ரிக்ட் என்று பெயர் வைத்தால் கீவேர்டு (மொழி தனக்கென ஒதுக்கிய சொல்) நிறத்தில் தெரிகிறது. எங்கள் சர்க்யூட் போர்டுக்கான கம்பைலர் சி89 (சி மொழியின் 1989 ஸ்டாண்டர்ட்) மட்டும்தான் ஏற்கும். – பாலக்கோடு வாசகர்

ரெஸ்ட்ரிக்ட் சி99-இல் வந்த கீவேர்டு. விம்மின் செட்டிங் ஃபைலான விம்ஆர்சியில் 'சி_நோ_சி99' என்பதற்கு 1 என்று கொடுங்கள், நிறம் போய்விடும். சி11-க்கும் இதேபோல் ஒன்று உண்டு. நிறம் போடும் சின்டாக்ஸ் ஃபைல் லோடாகும் முன்பே கொடுக்க வேண்டும். ஃபைலைத் திறந்தபின் கொடுத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள். இதைச் செய்தாலும் இரட்டைச் சாய்கோட்டு (//) கமென்ட், கமென்ட் நிறத்தில்தான் இருக்கும். சி89 கம்பைலர் அதை ஏற்காது, கவனம்.

கலர் வரலை சார், அர்ஜென்ட். – பென்னாகரம்

எந்த எடிட்டர், எந்தப் பதிப்பு, எந்த மொழி, ஃபைலின் எக்ஸ்டென்ஷன் என்ன? இந்த நான்கும் இல்லாமல் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

லேபில் டர்போ சி-யில் ஓடிய சி++ புரோகிராமை வீட்டில் விஎஸ் கோடில் திறந்தேன். எல்லா வரியும் அழகாக நிறம் காட்டுகிறது, ஜிசிசி கம்பைலர் மட்டும் திட்டுகிறது. எடிட்டரில் கோளாறா? – பர்கூர் மாணவி

எடிட்டரைக் குறை சொல்லாதீர்கள். வாய்டு அதற்குத் தெரிந்த கீவேர்டு, மெயின் பார்வைக்கு ஒரு ஃபங்ஷன் பெயர், நிறம் போட்டுவிட்டது. இன்க்ளூட் வரியில் நீங்கள் எதை எழுதினாலும் நிறம் போடும். அப்படி ஒரு ஹெடர் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. சி++-க்கு முதல் ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டே 1998-இல்தான் வந்தது. உங்கள் லேபின் நீலத்திரை டர்போ சி அதற்கும் முந்தையது. அப்புறம் ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் புள்ளி எச் (.h) இருந்தால் ஜிசிசி 'அப்படி ஃபைலே இல்லை' என்றுதான் சொல்லும். மெயினை இன்ட் என்று அறிவிக்காவிட்டாலும் விடாது. முப்பது வருஷப் பழைய கம்பைலரை டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) எழுப்பிப் பாடம் நடத்திவிட்டு, பிள்ளைகளுக்கு அடிப்படை தெரியவில்லை என்று சலித்துக்கொள்ளும் கல்லூரிகளை என்ன சொல்வது? நீங்கள் ஹெடரில் புள்ளி எச்சை எடுங்கள், இன்ட் மெயின் எழுதுங்கள், சிஅவுட்டுக்கு முன் எஸ்டிடி சேருங்கள், டர்போ சி-யின் கோனியோ ஹெடரை மறந்துவிடுங்கள். எது செல்லும் என்று சொல்வது கம்பைலர்தான், நிறம் அல்ல.

எங்கள் பழைய சி கோடில் பூல் என்று நாங்களே டைப்டெஃப் செய்திருக்கிறோம் (ஒரு டைப்புக்குப் புதுப்பெயர்). புது ஜிசிசி-யில் எரர். – கிருஷ்ணகிரி

சி23-இல் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் கீவேர்டுகள். ஜிசிசி 15 எதுவும் சொல்லாவிட்டால் அந்த ஸ்டாண்டர்டையே எடுத்துக்கொள்ளும். மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகள் உள்ள ஃபைல்) உங்கள் கோடின் பழைய ஸ்டாண்டர்டை எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டுவிட்டு எடிட்டரில் குறை தேடாதீர்கள்.

சி ஹெடரில் கிளாஸ் என்ற மாறி மட்டும் நிறம் மாறுகிறது. – ஓசூர்

புள்ளி எச் ஃபைலை விம்மும் விஎஸ் கோடும் சி++ என்றே எடுத்துக்கொள்கின்றன, அதில் கிளாஸ் ஒரு கீவேர்டு. விம்மில் 'சி_சின்டாக்ஸ்_ஃபார்_எச்' வையுங்கள். விஎஸ் கோடில் ஃபைல் அசோசியேஷனில் சி என்று மாற்றுங்கள். அதிலுள்ள சி ஸ்டாண்டர்ட் செட்டிங் இன்டெலிசென்ஸுக்கு (கோடைப் பரிந்துரைக்கும் வசதி), இந்த நிறத்துக்கு உதவாது.

பைத்தானில் மேட்ச் என்று மாறி வைக்கலாமா? – அரூர்

வைக்கலாம். 3.10-இலிருந்து அது சாஃப்ட் கீவேர்டு, பெயராகவும் செல்லும். எடிட்டர் நிறம் போட்டால் போடட்டும்.