9,000 டாலருக்கு டீசல் எஃப்-250: வாங்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனுக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறோம். சின்ன டிராக்டரை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப்போக ஒரு பிக்கப் தேவை. 2006 ஃபோர்டு எஃப்-250, 6.0 லிட்டர் டீசல், 1,78,000 மைல் ஓடியது, 9,000 டாலருக்கு வருகிறது. ‘இன்ஜினை புல்லட் ப்ரூஃப் பண்ணியாச்சு, இனிக் கவலையே இல்லை’ என்கிறார் விற்பவர். டீசல் என்றால் நீடித்து உழைக்கும் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: என்னென்ன மாற்றினார், எந்த ஒர்க்‌ஷாப்பில் மாற்றினார் என்று ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் வண்டியைப் பார்க்கப் போகவே வேண்டாம்.

நண்பர்கள் சொல்வது பொதுவாகச் சரிதான். ஆனால் ‘பவர் ஸ்ட்ரோக்’ என்ற பெயரில் ஃபோர்டு விற்ற இந்த 6.0 லிட்டர் டீசல் விஷயத்தில் அது எடுபடாது. நேவிஸ்டார் என்ற இன்ஜின் நிறுவனம் செய்துகொடுத்து, 2003 முதல் 2007 வரை ஃபோர்டு இந்த வண்டிகளில் போட்ட இன்ஜின் இது. இதற்கு முந்தைய 7.3 லிட்டர் இன்ஜின் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பெயரை இது கெடுத்தது.

இதில் ஒரு கோளாறு அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். கூலன்ட்டில் சேரும் கசடு முதலில் ஆயில் கூலரின் மெல்லிய வழிகளை அடைக்கும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்புதான் ஈ.ஜி.ஆர்.; அந்தப் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலருக்கு ஆயில் கூலரைத் தாண்டித்தான் கூலன்ட் போயாக வேண்டும். போதுமான அளவு வராவிட்டால் அது சூடேறி விரிசல் விடும். கூலன்ட் உள்ளே கசிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். அழுத்தம் இன்னும் கூடினால் இன்ஜினின் மேல்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு, அதற்கடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். அந்த வேலைக்குப் பல ஒர்க்‌ஷாப்களில் கேபினையே சேஸியிலிருந்து தூக்கிவிடுவார்கள். கூலி ஏறுவது இங்கேதான்.

இரண்டு கூலரையும் மாற்ற 2,000 முதல் 3,000 டாலர் ஆகலாம். ஹெட் கேஸ்கெட்டை மாற்றி, பழைய போல்ட்டுகளுக்குப் பதில் உறுதியான ஸ்டட் போட்டால் 5,000 முதல் 8,000 வரை போகும். டீசலைப் பீச்சும் எட்டு இன்ஜெக்டரையும் மாற்றினால் அது தனியாக 3,000-க்கு மேல். கேட்கும் விலையே 9,000 என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

‘புல்லட் ப்ரூஃப்’ என்றால் மேம்பட்ட கூலர்களும் ஸ்டட்களும் போட்டிருக்க வேண்டும். சிலர் ஈ.ஜி.ஆரைக் கழற்றி எறிந்துவிட்டு அதையும் இதே பெயரில் விற்கிறார்கள். கழற்றுவது அமெரிக்கக் காற்று மாசுச் சட்டத்துக்கு விரோதமானது. அப்படிப்பட்ட வண்டியைத் தொடவே மறுக்கும் ஒர்க்‌ஷாப்களும் உண்டு.

வண்டியைப் பார்க்கப் போவதாக இருந்தால், நீங்கள் வரும்வரை அதை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். ஃபோர்டு விவரங்களைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்று கையில் இருக்கட்டும். இன்ஜெக்டர்களை இயக்கும் மாட்யூலில் 48 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும்; குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது 45-க்குக் கீழே இறங்கினால் அந்த மாட்யூலுக்கும் செலவு இருக்கிறது. அப்புறம் ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டி, ஆயில் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். ஆயில் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது. கூலன்ட் டப்பாவின் மூடியைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த கறை இருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

இத்தனையும் தேறினாலும் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு எடை? 6,000 பவுண்டுக்குள் என்றால் இவ்வளவு பெரிய வண்டியே தேவையில்லை. இழுவைத் திறன் சரியாக உள்ள ஒரு எஃப்-150 போதும். எடை அதிகம் என்றால் 2011-க்குப் பிந்தைய 6.2 லிட்டர் பெட்ரோல் எஃப்-250 தேடுங்கள். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும். ஆனால் ஆயில் மாற்றுவதிலிருந்தே மிச்சம் தெரியும்: டீசலுக்கு 15 குவார்ட், இதற்கு 7.

கேள்வி: என் 2006 எஃப்-350 ஃபோர் வீல் டிரைவ். 60 மைல் வேகத்தில் பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொள்வதுபோல ஆடுகிறது. ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: போதாது. டேம்பர் ஆட்டத்தை அமுக்கிவைக்கும், அதன் காரணத்தைத் தீர்க்காது. புது டேம்பரும் சீக்கிரமே போய்விடும். ஒருவரை ஸ்டீயரிங்கை இருபக்கமும் ஆட்டச் சொல்லிவிட்டு, முன் அச்சையும் சக்கரங்களையும் பிடித்திருக்கும் டிராக் பார் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனைகள் எல்லாவற்றையும் மெக்கானிக்கைக் கீழே இருந்து பார்க்கச் சொல்லுங்கள். டிராக் பார் என்றால் சில நூறு டாலரோடு முடியும். பால் ஜாயின்ட் இருபக்கமும் என்றால் 1,000-க்கு மேல் ஆகலாம். டயர் தேய்மானத்தையும் காற்றையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. சரிசெய்யும்வரை ஹைவேக்கு எடுக்காதீர்கள். டிரெய்லரை மாட்டவே மாட்டாதீர்கள்.