பெல்ட் டெஸ்ட்டுக்குப் பெயர் கொடுக்கும் முன்: கராத்தே கேள்வி பதில்

டிசம்பர் பெல்ட் டெஸ்ட் நெருங்குவதால் பெற்றோரும் மாணவர்களும் மாறி மாறிக் கேட்கிறார்கள். வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நான் பழகியதும் சொல்லிக்கொடுப்பதும் ஷோட்டோகான் என்ற கராத்தே ஸ்டைல். கோஜு ரியு, ஷிட்டோ ரியு, வாடோ ரியு போன்ற வேறு ஸ்டைல் பழகுகிறவர்களுக்குக் கட்டாக்களின் (தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளின்) பெயரும் வரிசையும் மாறும். மற்றதெல்லாம் பெரும்பாலும் பொருந்தும்.

மாஸ்டர், என் மகனுக்கு ஏழு வயது. சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெல்ட் டெஸ்ட் என்று பணம் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அனுப்பியே ஆகவேண்டுமா? (ஒரு தாய், மதுரை)

வேண்டியதில்லை அம்மா. மூன்று மாதம் என்பது குறைந்தபட்ச இடைவெளி. அதற்கு முன்னால் டெஸ்ட் எழுதக் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம்.

மாதத்தை விட்டுவிட்டு வகுப்பை எண்ணுங்கள். வாரம் இரண்டு வகுப்பு என்றால் மூன்று மாதத்தில் இருபத்து நான்கு வரும். பள்ளிப் பரீட்சை, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் போக, கையில் நிற்பது பதினாறோ பதினேழோதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது போதாது. "இந்த முறை வேண்டாம் மாஸ்டர், அடுத்த முறை பார்க்கலாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று, டெஸ்ட் கட்டணத்தில் பெல்ட்டும் சான்றிதழும் சேர்த்தியா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு மனக்கசப்பு வராது.

கலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளுக்கு அடுத்தது ஆரஞ்சா பச்சையா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். அதனால் "என்ன கலர்" என்று கேட்பதைவிட "எத்தனையாவது கியூ" என்று கேளுங்கள். கியூ என்பது பிளாக் பெல்ட்டுக்குக் கீழே உள்ள படி. அது இறங்கிக்கொண்டே வரும். பத்திலோ ஒன்பதிலோ தொடங்கி ஒன்றில் முடியும். அதற்கு மேல் பிளாக் பெல்ட். அங்கே டான் என்ற கணக்கு, ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும்.

கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவின் பழைய ஆசிரியர்களிடம் இந்தப் பெல்ட் ஏணியே கிடையாது. ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ 1883இல் டான் முறையைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து, ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனாகோஷி கிச்சின் 1924இல்தான் தன் மாணவர்கள் சிலருக்குக் கராத்தேயில் முதல் டான் கொடுத்தார். மஞ்சள், பச்சை போன்ற வண்ணங்கள் 1920, 30களில் ஐரோப்பிய ஜூடோ வகுப்புகள் வழியாகப் பரவியவை. கலர் பெல்ட்டுக்கு ஏறத்தாழ நூறு வயதுதான். உங்கள் மகன் மூன்று மாதம் தாமதமாக மஞ்சள் கட்டுவதால் ஒன்றும் குறைந்துபோகாது.

டெஸ்ட்டில் எக்ஸாமினர் உண்மையில் எதைப் பார்ப்பார் சார்? கட்டா தப்பில்லாமல் செய்தால் போதாதா? (பத்தாம் வகுப்பு மாணவர், சேலம்)

தம்பி, டெஸ்ட்டில் மூன்று பகுதி. கிஹோன், கட்டா, குமித்தே. அதாவது அடிப்படை அசைவுகள், தனியாகச் செய்யும் வரிசை, எதிராளியோடு செய்வது. கட்டாவின் வரிசை மறக்கவில்லை என்றால் அது நுழைவுச் சீட்டு மாதிரி. மார்க் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

நான் டெஸ்ட் எடுக்கும்போது என் கண் முதலில் போவது பின்கால் குதிகாலுக்கு. ஜென்குட்சு டாச்சியில் (முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் நிலை) நின்று கியாகு சுகி (முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் குத்துவது) குத்தும்போது, வேகம் காட்டும் ஆசையில் குதிகால் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். தூக்கிய கணமே இடுப்பின் பலம் கைக்கு வராமல் நின்றுவிடும். அடுத்து பார்ப்பது குத்தாத கை. ஒரு கை முன்னால் போகும்போது மற்றது இடுப்புக்கு இழுபட்டு வர வேண்டும். அதைத்தான் ஹிகிதே என்கிறோம். பத்துப் பேரை வரிசையில் நிறுத்தினால் ஏழு பேருக்கு அந்தக் கை விலா எலும்புக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். குத்து எவ்வளவு வேகமாகப் போனாலும் அதை மறைக்க முடியாது.

கட்டாவுக்கு வருவோம். ஷோட்டோகானில் முதலில் வருவது ஹெய்யான் ஷோடான், 21 அசைவு. அடுத்து நிடான், சாண்டான், யோண்டான், கோடான். பொதுவாக ஒரு கியூவுக்கு ஒன்று. பிரவுன் பெல்ட்டில் டெக்கி ஷோடான், அப்புறம் பஸ்ஸாய் டாய். எங்கள் வகுப்பு நடக்கிற மொசைக் தரையில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன் மேல் நின்று ஹெய்யான் ஷோடானை ஆரம்பிக்கச் சொல்வேன். கடைசி ஷுட்டோ உகே (கத்திபோல் விரித்த கையால் தடுப்பது) முடித்துத் திரும்பி வரும்போது காலடியில் அந்தக் குறி இருக்க வேண்டும். முதல் மாதத்தில் பலர் இரண்டு அடி தள்ளி நிற்பார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மூன்று ஆகே உகே (கையை மேலே உயர்த்தித் தடுப்பது) முடிந்ததும் வலது காலை ஊன்றி, இடது காலை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவரும் முக்கால் வட்டத் திருப்பம் வருகிறதே, அங்கே காலை வைக்கும் இடம் தவறும். அதற்குப் பிறகு வருகிற எல்லா அடியும் கோணலாகப் போகும். வீட்டில் நீயே குறி போட்டுப் பார். யாரும் சொல்லாமலே உன் தப்பு உனக்குத் தெரியும்.

குமித்தேயில் ஆரம்ப நிலைக்குக் கோஹோன் குமித்தே. ஒருவர் ஐந்து அடி முன்னேறி முகத்துக்குக் குத்துவார், மற்றவர் ஐந்து அடி பின்வாங்கித் தடுத்து, கடைசியில் திருப்பிக் குத்துவார். இங்கே நட்புக்காகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு. எதிரில் நிற்பவன் கூட்டாளி என்பதால் முகத்துக்குக் குறி வைக்காமல் காதோரமாகக் குத்துவது. தடுக்காமல் நின்றாலும் படாத குத்து அது. அப்படிக் குத்தினால் அவன் தடுத்தானா இல்லையா என்று எப்படித் தெரியும்? முகத்துக்கு நேராகக் குத்து, தொடும் முன் நிறுத்து. அந்தக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் மார்க்.

பிரவுன் பெல்ட்டில் இரண்டு முறை ஃபெயில் ஆகிவிட்டேன் மாஸ்டர். விட்டுவிடலாமா என்று இருக்கிறது. (கல்லூரி மாணவி, கோவை)

விடாதீர்கள் அம்மா. மூன்றாவது கியூ வரைக்கும் பிள்ளைகள் வேகமாக ஏறிவிடுவார்கள். பிரவுனில் எல்லாமே மெதுவாகும். அங்கே ஒவ்வொரு படிக்கும் ஆறு மாதம் என்பது சாதாரணம்.

என் கதையைச் சொல்கிறேன். ஷோடான், அதாவது முதல் டான் டெஸ்ட்டுக்காக ஆறு மாதம் பஸ்ஸாய் டாய் ஒன்றையே போட்டு உருட்டினேன். அதை நன்றாகவே செய்தேன். செய்து முடித்ததும் எக்ஸாமினர் அமைதியாக, "ஹெய்யான் யோண்டான்" என்றார். அதன் முதல் இரண்டு அசைவும் மெதுவாக வர வேண்டும். திறந்த இரண்டு கைகளும் மூச்சோடு சேர்ந்து உயர வேண்டும். நான் படபடப்பில் அடி விழுவதுபோல் சட்டென்று கையைத் தூக்கிவிட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவு வந்தபோது என் பெயர் இல்லை. பிறகு போய்க் கேட்டேன். "மேலே போகப் போகக் கீழே இருக்கிறதைத்தான் கேட்போம்" என்றார். வீட்டுக்கு வந்து ஐந்து ஹெய்யானையும் முதலிலிருந்து திரும்பப் பிடித்தேன். எட்டு மாதம் கழித்து அதே கட்டாவைக் கேட்டார், செய்தேன்.

நீங்களும் போய்க் கேளுங்கள். "எதில் குறைந்தது" என்று கேட்டால் நல்ல எக்ஸாமினர் நிச்சயம் சொல்வார். அந்த ஒன்றை மட்டும் மூன்று மாதம் பிடியுங்கள்.

வயது 42. மூட்டு வலி கொஞ்சம் உண்டு. இப்போது சேர்ந்தால் கிரேடிங்கில் இளைஞர்களோடு சேர்த்துத்தான் பார்ப்பார்களா? (வங்கி ஊழியர், திருநெல்வேலி)

டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டுத் தாராளமாகச் சேருங்கள் சார். உங்கள் உதை தலை உயரம் போகிறதா என்று எந்த நியாயமான எக்ஸாமினரும் பார்க்க மாட்டார். மாயே கேரியை (நேராக முன்னால் உதைப்பது) வயிற்று உயரத்தில், முழங்காலை முதலில் நன்றாகத் தூக்கி, உதைத்த காலைத் திரும்ப மடக்கி இழுத்துச் செய்யுங்கள். அது போதும். முழங்கால் தூக்காமல் காலை வீசுகிற இருபது வயதுப் பையனைவிட உங்களுக்கு மார்க் கூட வரும்.

நிற்பதில் மட்டும் கவனம். ஜென்குட்சு டாச்சியில் முன் முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது, கால் விரல் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். வலி வந்தால் நிலையைக் கொஞ்சம் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊர் மாறி வந்தேன். இங்கே வேறு ஸ்டைல். என் பச்சை பெல்ட்டை ஒத்துக்கொள்வார்களா?

பெரும்பாலும் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சான்றிதழ் கொடுத்த அமைப்புக்குள்தான் அதற்கு முழு மதிப்பு. ஸ்டைல் ஒன்றாக இருந்தால் உங்களைச் செய்யச் சொல்லிப் பார்த்து அதே கியூவில் வைப்பது வழக்கம். ஸ்டைலே வேறு என்றால் நானாக இருந்தால் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு போய் நிற்பேன். கை கால் பழகியிருப்பதால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஏறுவீர்கள். பழைய சான்றிதழ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எட்டு வயதில் பிளாக் பெல்ட் வாங்கிய பிள்ளைகளைப் பார்க்கிறேன். அது சரியா அண்ணா? (மதுரை)

எனக்கு அதில் உடன்பாடு இல்லை, தம்பி. வாரம் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக வருகிறவர் ஷோடானுக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். அதற்கு மேல், இரண்டாவது டானுக்கு இரண்டு வருடம், மூன்றாவதுக்கு மூன்று வருடம் என்று இடைவெளி கேட்கும் அமைப்புகள் பல. எட்டு வயதில் பிளாக் பெல்ட் என்றால், நான்கு வயதிலிருந்து எதைக் கணக்கில் எடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. சில அமைப்புகள் சிறுவர்களுக்கு ஜூனியர் டான் என்று தனியாகக் கொடுத்து, வயது வந்தபின் திரும்ப டெஸ்ட் எடுக்கின்றன. அது நேர்மையான வழி. ஷோடான் என்ற சொல்லுக்கே முதல் படி என்றுதான் பொருள். அதை வாங்கிய பிள்ளையிடம் "எல்லாம் முடிந்தது" என்று பெற்றோர் சொல்லிவிட, அடுத்த மாதமே வகுப்பை நிறுத்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மனசு வலிக்கிறது.

ஓடு உடைப்பது, கைமேல் பைக் ஏற்றுவது எல்லாம் டெஸ்ட்டில் உண்டா? என் பெண்ணுக்குப் பத்து வயது.

ஷோட்டோகான் கியூ டெஸ்ட்டில் கிடையாது. உடைப்பதற்குக் கியோகுஷின் போன்ற ஸ்டைல்களில் இடம் உண்டு. அது பெரியவர்களின் பயிற்சி. பைக் ஏற்றுவது ஆண்டு விழா மேடைக்கான வேடிக்கை. எந்த டெஸ்ட்டிலும் அதற்கு வேலை இல்லை. பத்து வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சுவரில் குத்தி முட்டியைக் காய்ப்பேற்றச் சொன்னாலும், ஓட்டை உடைக்கச் சொன்னாலும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

டெஸ்ட் அன்று பீரியட்ஸ் வந்தால் என்ன செய்வது? அக்காவிடம்தான் கேட்க வேண்டுமா, உங்களிடமே கேட்கலாமா?

என்னிடமே கேட்கலாம் அம்மா, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் செய்யலாம். முடியாவிட்டால் "உடம்பு சரியில்லை" என்று ஒரு வரி சொல்லித் தள்ளிப்போடலாம். காரணம் விளக்கவே வேண்டாம். வெள்ளை உடைதான் கவலை என்றால், உள்ளே கறுப்பு ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். எங்கள் வகுப்பில் பெரிய பிள்ளைகள் அப்படித்தான் வருகிறார்கள்.

பெல்ட் சான்றிதழை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்குமா?

பெல்ட்டுக்காகக் கிடைக்காது. கோட்டாவில் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் கலந்துகொண்டதையும் ஜெயித்ததையும்தான். அதனால் போட்டிக்குப் பணம் கட்டும் முன், அதை நடத்தும் அமைப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்கள் சேரப்போகும் கல்லூரியிலேயே விசாரியுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது, 2024 பாரிஸில் இல்லை. ஒலிம்பிக் கனவு காட்டி ஆள் சேர்ப்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

கராத்தேயைக் கண்டுபிடித்தது காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே? வாய்மொழித் தேர்வில் அப்படிச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். போதிதர்மர் பல்லவ நாட்டு இளவரசர் என்பது நாம் பெருமையோடு சொல்லிவரும் மரபு. ஆனால் அவரைச் சீனாவின் ஷாவோலின் மடத்து உடற்பயிற்சிகளோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. கராத்தே ஒகினாவாவின் சொந்தக் கைச்சண்டையும் சீனாவின் ஃபூஜியான் பகுதிக் கலைகளும் கலந்து வளர்ந்தது. முதலில் அதன் பெயரை "சீனக் கை" என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதினார்கள். "வெறுங்கை" என்ற எழுத்து 1930களில்தான் நிலைத்தது. வாய்மொழித் தேர்வில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் என்ன பயிற்சி செய்யலாம்? (பல பேர்)

புதிதாக ஒன்றும் வேண்டாம். இரவு உடையைத் துவைத்துக் காயப்போடுங்கள். பெல்ட்டையும் துவைக்கலாம், துவைத்தால் பலம் போய்விடும் என்பது வெறும் பேச்சு. அப்புறம் கண்ணாடி முன் நின்று, கீழே குனிந்து பார்க்காமல் பத்து முறை பெல்ட்டைக் கட்டிப் பழகுங்கள். முடிச்சின் இரண்டு முனையும் சமமாகத் தொங்க வேண்டும். குமித்தே நடுவில் முடிச்சு அவிழ்ந்தால் பதறாமல் பின்னால் திரும்பி, கட்டிவிட்டு, முன்னால் திரும்பி வணங்கிவிட்டுத் தொடருங்கள்.