ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

கப் கணக்கில் இருக்கும் கேக் செய்முறையைக் கிராமுக்கு மாற்ற ஒரே எண் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா நிற்கும்? 240 மில்லி கப்பில் வெள்ளைச் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். கோகோ பவுடர் 85 கிராம்தான்.

சிக்கல் மைதாவில்தான். ஸ்பூனால் மெதுவாக அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150 வரை போய்விடும். ஈரோட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் கேக் இறுகிப்போனதற்கு இதுவே காரணம். இப்போது 2 கப் மைதா என்றிருந்தால் 250 கிராம் எடுக்கிறேன்.

கவுந்தப்பாடிப் பக்கம் வாங்கும் நாட்டுச்சர்க்கரை ஈரத்தைப் பொறுத்து எடை மாறும். அதை உங்கள் கப்பிலேயே மூன்று முறை அளந்து, நிறுத்து, சராசரியை டப்பா மேல் எழுதி ஒட்டுங்கள். ராகி மாவுக்கும் அப்படியே.

அப்புறம், பேக்கிங் பவுடரை மாற்றவே வேண்டாம். ஒரு டீஸ்பூன் 4, 5 கிராம்தான் வரும். வீட்டுத் தராசு பலவற்றில் அவ்வளவு சிறிய எடை துல்லியமாகத் தெரியாது. ஸ்பூனிலேயே அளந்துகொள்ளுங்கள்.