லாகினும் டேட்டாபேஸும்: ஒரே பெயரில் இரண்டு செஷன்

பைத்தானில் ஃபிளாஸ்க் வைத்து வெப் அப்ளிகேஷன் எழுதும்போது, யூசர் லாகினைக் கவனிக்கும் ஃபிளாஸ்க்-லாகினை, டேட்டாபேஸைக் கையாளும் எஸ்க்யூஎல்அல்கெமியோடு இணைக்கும் இடத்தில் பலருக்கும் சிக்கல் வருகிறது. கேட்டவர்களின் கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கல்லூரி மாணவி: அண்ணா, லாகின் ஆன பிறகு யூசர் ஆப்ஜெக்ட் எந்த செஷனில் இருக்கும்?

எதிலும் சேமிக்கப்படுவதில்லைம்மா. இரண்டுக்கும் செஷன் என்றே பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. ஃபிளாஸ்க்கின் செஷன், பிரவுசரில் இருக்கும் குக்கி. எஸ்க்யூஎல்அல்கெமியின் செஷன், சர்வரில் ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்ட். குக்கியில் போவது யூசரின் ஐடி மட்டும். அடுத்த ரிக்வெஸ்டில் ‘கரன்ட்_யூசர்’ யார் என்று தேவைப்படும்போது, ஃபிளாஸ்க்-லாகின் அந்த ஐடியை நீங்கள் எழுதிய ‘யூசர்_லோடர்’ ஃபங்ஷனிடம் கொடுத்து ஆளைக் கேட்கும். இரண்டு பக்கமும் சந்திப்பது அந்த ஒரு ஃபங்ஷனில்தான்.

ஐடி அங்கே ஸ்ட்ரிங்காக வரும். அதை இன்டீஜர் ஆக்கி, டேட்டாபேஸ் செஷனின் ‘கெட்’ மூலம் ஆளை எடுங்கள். ஆள் இல்லையென்றால், ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் ‘நன்’ (None) திருப்பித் தர வேண்டும், எக்செப்ஷன் எறியக் கூடாது. அப்புறம், குக்கியில் கையெழுத்து உண்டே தவிர பூட்டு கிடையாது. உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம், சீக்ரெட் கீ இல்லாமல் மாற்றத்தான் முடியாது. அதனால் ரகசியம் எதையும் அதில் போடாதீர்கள்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்: சார், என் கம்ப்யூட்டரில் எஸ்க்யூலைட்டில் ரெஜிஸ்டர் ஆகிறது. சர்வரில் போஸ்ட்கிரெஸுக்குப் போனதும் ‘வேல்யூ டூ லாங்’ என்று எரர் வருகிறது.

பாஸ்வேர்ட் ஹாஷ் (திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய பாஸ்வேர்ட்) ஃபீல்டுக்கு 128 எழுத்து கொடுத்திருப்பீர்கள். பழைய டுடோரியல்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஃபிளாஸ்க்கோடு வரும் வெர்க்சாய்க் லைப்ரரி முன்பு பிபிகேடிஎஃப்2 முறையில் ஹாஷ் செய்தது, அது 128-க்குள் அடங்கியது. 3.0 பதிப்பிலிருந்து ஸ்கிரிப்ட் (scrypt) என்ற முறைக்கு மாறிவிட்டது. எண்ணிப் பாருங்கள்: முறையின் பெயரும் அளவுகளும் 16 எழுத்து, சால்ட் எனும் ரேண்டம் எழுத்துகள் 16, ஹாஷ் 128, நடுவில் இரண்டு டாலர் குறி. மொத்தம் 162. எஸ்க்யூலைட் நீள வரம்பைக் கண்டுகொள்ளாது, போஸ்ட்கிரெஸ் விடாது. 255 வைத்து, டேபிளின் அமைப்பை மாற்றும் மைகிரேஷன் ஓட்டுங்கள். பழைய யூசர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஹாஷின் தொடக்கத்திலேயே முறையின் பெயர் இருப்பதால் சரிபார்ப்பு நடந்துவிடும்.

எரர் வந்தது உங்கள் நல்ல நேரம். நான் பார்த்த ஒரு ப்ராஜெக்டில் மைஎஸ்க்யூஎல்லின் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்து வைத்திருந்தார்கள். ஹாஷின் வால் வெட்டுப்பட்டுச் சத்தமில்லாமல் சேமிக்கப்பட்டது. ரெஜிஸ்டர் செய்த யாருக்கும் மறுபடி உள்ளே வர முடியவில்லை, சரியான பாஸ்வேர்டையே தவறு என்றது. வெட்டுப்பட்டதை மீட்க வழியே இல்லை. அத்தனை பேருக்கும் ரீசெட் மெயில் அனுப்ப வேண்டியதாயிற்று.

சிறு நிறுவனத்துக்கு ஆப் எழுதுபவர்: யூசர் டேபிளில் ‘டிசேபிள்ட்’ என்று ஒரு ஃபீல்டு வைத்திருக்கிறேன். வேலையை விட்டுப் போனவருக்கு அதை ட்ரூ ஆக்கினேன். அவரால் இன்னும் உள்ளே வர முடிகிறதே?

இதை இன்றைக்கே சரி செய்யுங்கள். உங்கள் ஃபீல்டைப் பற்றி ஃபிளாஸ்க்-லாகினுக்குத் தெரியவே தெரியாது. அது பார்ப்பது ‘இஸ்_ஆக்டிவ்’ மட்டும். உங்கள் மாடலுக்கு ஃபிளாஸ்க்-லாகின் தரும் யூசர்மிக்ஸின் கிளாஸ் அதற்கு எப்போதும் ட்ரூ என்றே பதில் சொல்லும். மாடலில் ‘இஸ்_ஆக்டிவ்’ என்ற ப்ராப்பர்ட்டி எழுதி, டிசேபிள்ட் இல்லையா என்று பார்த்துச் சொல்ல வையுங்கள். அதோடு நிற்காமல், யூசர்_லோடரிலும் டிசேபிள்ட் ஆனவருக்கு ‘நன்’ கொடுத்துவிடுங்கள். எந்தப் பதிப்பானாலும் அடுத்த கிளிக்கிலேயே ஆள் வெளியே.

இன்னொருவர்: பாஸ்வேர்ட் மாற்றினால் மற்ற போன்களிலும் லாகவுட் ஆக வேண்டும்.

குக்கியில் ஐடிக்குப் பதிலாக வேறு ஒன்று போக வேண்டும். டேபிளில் ரேண்டமான ஒரு டோக்கன் ஃபீல்டு சேருங்கள், யுனிக்காக. ‘கெட்_ஐடி’ அதைத் திருப்பித் தரட்டும், யூசர்_லோடர் அதை வைத்துத் தேடட்டும். முன்பு சொன்ன இன்டீஜர் மாற்றம் இங்கே வேண்டாம். பாஸ்வேர்ட் மாறும்போது டோக்கனையும் மாற்றினால் பழைய குக்கி எதுவும் செல்லாது.

வெல்கம் மெயில் அனுப்புபவர்: பேக்கிரவுண்ட் த்ரெட்டில் ‘டிடாச்ட் இன்ஸ்டன்ஸ்’ எரர் வருகிறது.

ரிக்வெஸ்ட் முடிந்ததும் டேட்டாபேஸ் செஷனும் முடிந்துவிடுகிறது, யூசர் ஆப்ஜெக்ட் அதிலிருந்து பிரிந்துவிடுகிறது. யூசர் ஆப்ஜெக்ட்டைக் கொடுக்காமல் ஐடியைக் கொடுத்து, அங்கே புதிதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாணவர்: இமெயில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்க்கிறேன் அண்ணா, ஆனாலும் இரண்டு முறை பதிவாகிறது.

பட்டனை இரண்டு தடவை தட்டினால் போதும்ப்பா, இரண்டு ரிக்வெஸ்டும் ஒரே நேரத்தில் பார்த்து, இரண்டுமே ‘இல்லை’ என்று முடிவு செய்துவிடும். இமெயிலைச் சின்ன எழுத்துக்கு மாற்றிச் சேமி, டேபிளிலேயே யுனிக் கட்டுப்பாடு வை. கமிட்டில் வரும் ‘இன்டெக்ரிட்டி எரர்’ஐப் பிடித்து, மறக்காமல் ரோல்பேக் செய், அதாவது தோற்றுப்போன மாற்றத்தை ரத்து செய். அதை விட்டால் அதே செஷனில் அடுத்து ஓடும் குவெரியும் எரரில் நிற்கும்.