விமானியின் நினைவுகளை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர்களின் நினைவுகளை ஆராய வேண்டும் என்கிறார் உங்கள் மகள். “கதை கேட்க யார் சம்பளம் தருவார்கள்?” என்கிறீர்கள். கதை கேட்க யாரும் தரமாட்டார்கள். கேட்டதைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு ஆவணக் காப்பகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் வேலை உண்டு. இடங்கள் குறைவுதான், அதை மறைப்பதற்கில்லை.

சரிபார்ப்பது எப்படி? ஒவ்வொரு விமானியிடமும் பறப்புப் பதிவேடு ஒன்று இருந்தது. தேதி, விமானத்தின் எண், இலக்கு, பறந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். இரவுப் பறப்பு சிவப்பு மையில். இதை லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏர் 27’ வரிசையில் இருக்கும் படையணிப் பதிவேடுகளோடு ஒப்பிட வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது தேதியில். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர்மீது நடந்த, 95 விமானங்கள் திரும்பாமல் போன தாக்குதலுக்கு 1944 மார்ச் 30 இரவு கிளம்பினார்கள், 31 விடியலில் திரும்பினார்கள். விமானி 31 என்று சொன்னால் அது பொய்யல்ல. பதிவேட்டில் 30-ஐப் புரட்டாதது நம் தவறு. கடிகாரமும் காலை வாரும்: 1941 முதல் போர்க்கால பிரிட்டனில் கோடையில் கிரீன்விச் நேரத்தைவிட 2 மணி முன்னே, குளிர்காலத்தில் 1 மணி முன்னே.

இதைவிடச் சிக்கலானது, உண்மையாகவே நம்பிச் சொல்லும் தவறு. வானில் பெரிதாக வெடித்ததைப் பார்த்த பலர், அது எங்களை மிரட்ட ஜெர்மானியர் சுட்ட ‘ஸ்கேர்குரோ’ குண்டு, சோளக்கொல்லை பொம்மை மாதிரி, என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு குண்டே ஜெர்மானியரிடம் இருக்கவில்லை. வெடித்தவை சக விமானங்கள், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 7 பேர். இந்த இடத்தில் ‘தவறு’ என்று குறித்துவிட்டு நகர்பவர் நல்ல ஆய்வாளர் ஆகமாட்டார். 55,573 பேர் மாண்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் அந்த நம்பிக்கை ஏன் தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி.

புதிய பேட்டிகளை நம்பி இறங்க வேண்டாம். 1943-இல் 18 வயதானவர் இன்று நூறைத் தொட்டவர். இனி வேலை பழைய ஒலிநாடாக்களிலும் கடிதங்களிலும்தான்: எண்ணிமமாக்குவது (கணினிக் கோப்பாக மாற்றுவது), எழுத்தாக்குவது, பட்டியலிடுவது. ஒரு மணிநேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணிநேரம் பிடிக்கும். பேசியவரின் ஒப்புதல் தாள் தொலைந்திருந்தால் நாடாவை வெளியிடுவதே சிக்கலாகிவிடும்.

ஆகவே வரலாற்றுப் பட்டத்துக்குப் பிறகு ஆவணவியலில் முதுநிலை; பிரிட்டனில் வேலை தேடுவதானால் அந்நாட்டு ஆவணக்காப்பாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார்த்துச் சேருங்கள். கூடவே ஜெர்மன். எதிர்த்தரப்பின் எஞ்சிய ஆவணங்கள் ஜெர்மனியின் ஃப்ரைபூர்க் நகரிலுள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, மொழி தெரியாவிட்டால் பாதி வழக்கைத்தான் கேட்க முடியும்.

கட்டணம் கட்டுமுன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரிலுள்ள பன்னாட்டு குண்டுவீச்சுப் படை மையத்தின் இணையக் காப்பகத்தில் பறப்புப் பதிவேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, வரிக்கு வரி ஆதாரம் தேடட்டும். ஒரு வாரம் ஆனாலும் விடாமல் உட்கார்ந்திருந்தால் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.